இந்தியா என்று எழுதியிருந்த லைன்

ஒரு நாட்டால் இன்னொரு நாட்டோடு போட்டி போட முடியுமா என்று எப்படி அளக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். டிவியில் கோட்டு போட்டவர்கள் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு நானே அளந்திருக்கிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாயுடுபேட்டைக்குத் தெற்கே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் எங்கள் ஷூ கம்பெனி வரும். நான் ஐ.இ. பிரிவு. எந்தக் கைவேலைக்கு எத்தனை வினாடி ஆகிறது, அதில் எத்தனை வினாடியைக் குறைக்கலாம் என்று பார்க்கிற பிரிவு அது. திருப்பதியில் பாலிடெக்னிக் படித்தேன். ஐந்தாவதுவரை தமிழ், அப்புறம் எல்லாம் தெலுங்கு, வேலைக்கு வந்த பிறகு இங்கிலீஷ் நம்பர்கள். எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒன்று, சம்பளச் சீட்டில் ஒன்று.

கம்பெனியில் தையல் லைன்கள் பல உண்டு. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற இடம். அதில் ஒரு லைனில் முதல் மெஷினில் என் பெரியம்மா மகள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அக்கா. அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான்தான்.

அக்காவைப் பாகாலா பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை. அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆளும் இல்லை. அதனால் யாரிடம் போய்ச் சொன்னாலும் “அப்பறம் இன்னாடி உனக்கு?” என்றுதான் கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான். அக்கா உள்ளே இருப்பாள். சாயங்காலம் வந்து திறப்பார். அவள் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உள்ளே போக வழியில்லாமல் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும். பத்து வருடத்துக்கு மேல் இப்படி ஓடியிருக்கிறது. கடைசியில் ஒருநாள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். நாயுடுபேட்டையில் ஒரே ஒரு அறை, வாடகைக்கு. அந்த அறை அவள் சம்பளத்தில் நின்றது. சம்பளம் அந்த லைனில் நின்றது. இதைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ஒருநாள் மேனேஜர் அந்த லைன் ஆட்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்துத் திரையில் ஒரு படம் போட்டார். நெல்லூர்க்காரர். நல்ல சட்டை போடுவார், நல்லபடியாகத்தான் பேசுவார். படத்தில் மூன்று கொடிகள். நம்முடையது, வியட்நாமுடையது, இந்தோனேசியாவுடையது. கொடிக்குக் கீழே வரிசையாகத் தலைப்புகள். துறைமுகம் எவ்வளவு தூரம், கரண்ட் எத்தனை தடவை போகிறது, லாரி எங்கெங்கே நிற்கிறது, கூலி, லீவு. கடைசியில் ஆள் வேகம். ஒவ்வொன்றுக்கும் மார்க். எல்லாவற்றையும் கூட்டினால் நாட்டுக்கு ஒரு மார்க்.

இந்த லைனில் தைக்கிற ஷூவைத்தான் மூன்று நாட்டிலும் தைக்கிறோம், ஆர்டர் குறைகிறது, இனிமேல் மூன்று இடம் வேண்டாம் என்று தலைமை ஆபீசில் நினைக்கிறார்கள், அளந்து பார்த்து முடிவு செய்ய ஆள் வருகிறார்கள் என்றார். தெலுங்கில் சொன்னார். தெலுங்கு சரியாகத் தெரியாதவர்களுக்கு நான் தமிழில் சொன்னேன்.

“மெஷின் ஒண்ணுதான், நூலு ஒண்ணுதான், டிசைன் ஒண்ணுதான். தேசம் மட்டும்தான் வேற.”

பின்னாலிருந்து நகரிக்காரி ஒருத்தி கேட்டாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

“தேசம்னா யாரு? நாமளா?”

“நாமதான்.”

“அடப்பாவிகளா! ரோடு போடாததுக்கும் நாமதானா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. துறைமுகத்தைப் பக்கத்தில் நகர்த்த முடியாது. கரண்ட் நம் கையில் இல்லை. சட்டம் டில்லியில் இருக்கிறது. அத்தனை தலைப்பிலும் ஒரு நாளில் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, எங்கள் லைன் பெண்களின் கை. ஆகவே இந்தியாவின் மார்க்கை ஏற்ற வேண்டிய பொறுப்பு நாகலாபுரம், சத்தியவேடு, நாயுடுபேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள் தலையில் விழுந்தது.

லீவு மார்க்கும் எங்களுக்கு மோசம். கங்கம்மா ஜாத்திரை என்று அம்மன் திருவிழா வந்தால் லைனில் பாதி இருக்காது. அதைப் படத்தில் சிவப்பில் போட்டிருந்தார்கள்.

அடுத்தபடியாக வியட்நாம் லைனின் வீடியோ போட்டார். தொப்பி போட்ட பெண்கள், குனிந்த தலை. யாரும் நிமிரவில்லை.

“அவளுக்கு ரெண்டு கை தானாடி? முருகனுக்கு கீற மாதிரி பன்னெண்டு இருக்கப்போவுது, நல்லாப் பாரு.”

“அவளுக்கு மாமியாரு இல்லியா? காத்தால தண்ணி யாரு புடிக்கறது?”

“தலவலின்னு லீவே கேக்கமாட்டாளாம்மே.”

“தல இருந்தாத்தானே வலிக்கும்! பாரு, தொப்பிதான் தெரியுது.”

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அந்த மூணாவது பொண்ணு ராத்திரி தூங்கல போல. கண்ணப் பாரேன், பாவம்.”

“நீ உன் கண்ணப் பாத்துக்கோ” என்றேன். எனக்குக் கோபம் வந்தது. போட்டிக்கு நிற்கிறவளைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாளே என்று.

அதற்கப்புறம் தினமும் ஒத்திகை. ஒரு கட்டுத் தோல் துண்டுகள் முதல் மெஷினில் ஏறும். கை மாறி, மெஷின் மாறி, கடைசி மெஷினில் ஷூவின் மேல்பாகமாக இறங்கும். ஏறுவதிலிருந்து இறங்குவதுவரை ஆகிற நேரம்தான் ஆள் வேகம். நான் ஸ்டாப்வாட்சோடு கட்டின் கூடவே நடப்பேன். எங்கே தேங்குகிறது என்று பார்ப்பேன். தேங்குகிற இடத்தில் துண்டு வைக்கிற பெட்டியை நகர்த்தினோம். கத்தரிக்கோலைக் கயிற்றில் தொங்கவிட்டோம். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிவிட்டோம். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போனால் கட்டு நிற்கும். ஆகவே குடிக்காதே. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களே குடிப்பதை நிறுத்தினார்கள். கேன்டீனில் இட்லியைத் தின்னும்போதுகூட தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஒத்திகைகளில் நாங்கள் வியட்நாமைத் தாண்டினோம். நிஜமாகத் தாண்டினோம். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நகரிக்காரி மெஷின்மேல் தட்டி விசில் அடித்தாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மார்க்கு வந்துச்சா? நெஜமாத்தானே சொல்ற? எனக்காகப் பொய் சொல்லலியே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு பஸ்ஸில் எல்லோரும் பாடிக்கொண்டு போனார்கள். நானும் நம்பினேன்.

அளக்கிறவர்கள் வந்த நாளில் எங்களுக்குப் புது ஏப்ரன் கொடுத்தார்கள். நகம் வெட்டினோமா என்று பார்த்தார்கள். போன் கூடாது, பேச்சு கூடாது, கேட்டால் சிரிக்க வேண்டும் என்றார்கள். காதில் அடைப்பான் போட்டிருக்க வேண்டும், பாதுகாப்புக்கும் ஒரு மார்க் உண்டு என்றார்கள். வழக்கமாக அதை யாரும் போடுவதில்லை, அன்றைக்கு எல்லோரும் போட்டார்கள். எல்லாம் சொன்னார்கள். எழுந்து நிற்காதீர்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஒத்திகையில் கட்டோடு நடந்தது நான். என்னைப் பார்த்து யார் எழுந்திருப்பார்கள்?

மூன்று பேர் வந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்கார அம்மா, அறுபது வயது இருக்கும், கையில் டேப்லெட். நேராக முதல் மெஷினுக்கு வந்தார். கட்டை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். டேப்லெட்டைத் தொட்டார். நேரம் ஓட ஆரம்பித்தது.

அக்கா எழுந்து நின்றாள்.

கை கூப்பினாள். பெரியவர்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். முதல் வகுப்பிலிருந்து படித்தது அது. வாத்தியார் வந்தால், எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் வந்தால், சம்பந்தி வந்தால். உட்கார்ந்துகொண்டே பார்த்தால் திமிர் பிடித்தவள். அவள் யோசித்துச் செய்யவில்லை. முட்டி தானாக நிமிர்ந்தது.

அப்போதே அவள் உட்கார்ந்திருந்தால் சில வினாடிதான் போயிருக்கும். ஆனால் மேனேஜர் பயந்துவிட்டார். லைனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார்.

“லேவொத்து! லேவொத்து!”

எழுந்திருக்காதீர்கள் என்று அர்த்தம். தெலுங்கில் ‘லே’ என்றால் எழுந்திரு. ‘வொத்து’ என்றால் வேண்டாம். வேண்டாம் என்பது கடைசியில்தான் வருகிறது. இத்தனை மெஷின் ஓடுகிற இடத்தில், காதில் அடைப்பானோடு, பாதித் தெலுங்கு தெரிந்த பெண்களுக்கு ‘லே’ மட்டும்தான் கேட்டது. கேட்டதைச் செய்தார்கள். எழுந்திரு என்று மேனேஜரே சொல்கிறார், முன்னால் ஒருத்தி நிற்கவும் நிற்கிறாள். அவர் கையை வேறு வீசிக் காட்டினார். எந்தப் பக்கம் வீசினார் என்று யார் பார்த்தார்கள்?

வரிசையாக எழுந்தார்கள். கட்டு போகிற மெஷினுக்கு அந்த அம்மாவும் போனார். அவர் பக்கத்தில் வந்ததும் அந்தப் பெண் மெஷினை நிறுத்திக் கை கூப்பி நின்றாள். அவர் தாண்டிய பிறகு உட்கார்ந்தாள். பிறகு தைத்தாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். நான் பின்னால் ஓடி ஓடி, “உக்காருங்க, உக்காருங்க” என்றேன். உதடுகூட அசையாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நகரிக்காரி மட்டும் புரிந்துகொண்டு எழாமல் தைத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் இடித்து எழுப்பினாள், மரியாதை தெரியாதவள் என்று.

அந்த அம்மா ஒவ்வொருத்தியையும் பார்த்துத் தலையை ஆட்டினார். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். கட்டு கடைசி மெஷினில் இறங்கியபோது டேப்லெட்டில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். வியட்நாமுக்கு ரொம்பப் பின்னால் போயிருந்தோம்.

நான் நேராக அவரிடமே போய்விட்டேன். மேனேஜர் கண்ணால் முறைத்தார், நான் கவலைப்படவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மேடம், நீங்கள் விருந்தாளி, மரியாதைக்கு எழுந்து நின்றார்கள், தினமும் இப்படி இல்லை, இன்னொரு தடவை அளந்து பாருங்கள், தயவுசெய்து.

அவர் நெஞ்சில் கை வைத்தார். ரொம்ப அழகான பழக்கம் என்றார். இதை மறக்கவே மாட்டேன் என்றார். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே தடவைதான் அளப்பது என்று விதி இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இரண்டு தடவை கொடுத்தால் மற்ற நாட்டுக்கு அநியாயம் இல்லையா என்றார். அன்பாகத்தான் சொன்னார். மத்தியானம் சென்னைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள், விமானத்துக்கு.

கட்டோடு நீங்கள் நடந்ததால்தான் கட்டு நின்றது, தூரத்தில் நின்று பார்த்திருந்தால் வேறு நம்பர் வந்திருக்கும் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. வியட்நாம் பெண்கள் எழுந்திருக்கவில்லை, நாங்கள் எழுந்தோம், அது ஆள் வேகம் என்ற தலைப்பில் போய் உட்கார்ந்தது. இந்தியா மெதுவாகத் தைக்கிறது. எழுதியாயிற்று.

ஒரு மாதம் கழித்து லைனை மூடுகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதே வாரத்தில் மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி அனுப்பினார். ஏதோ ஓர் உலகப் பட்டியலில் நம் நாடு மேலே ஏறியிருக்கிறதாம். கட்டைவிரல் படம் வேறு. நான் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள் திரும்பச் சேர்த்துவிட்டார்கள், வேலைக் குரூப்பாம், வெளியே போகக் கூடாதாம்.

எங்கள் வேலை வியட்நாமுக்கும் போகவில்லை. அங்கேயும் மூடிவிட்டார்கள் என்று எங்கள் பிரிவில் பேசிக்கொண்டார்கள். படத்திலேயே இல்லாத நாலாவது நாடு ஒன்றுக்குப் போனதாம். அப்படியானால் எதற்கு அளந்தார்கள்? யாரும் சொல்லவில்லை. மூடுவது முன்னாலேயே முடிவாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் கிடையாது.

பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போனது.

“மொதல்ல யாரு எழுந்தது? அவதானே.”

“பெரிய மகாராணி, கும்புடு போட்டுக்கினு.”

“எம் பொண்ணு கல்யாணத்துக்குச் சீட்டு கட்டிக்கினு இருந்தேன். போச்சு.”

நான் மேனேஜர் கத்தியதைச் சொன்னேன். ‘லேவொத்து’ என்றுதான் கத்தினார், உங்களுக்கு ‘லே’ மட்டும் கேட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மேனேஜரையும் கேட்டேன், எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லுங்கள் சார் என்று. “நேனேம் அனலேதம்மா” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லையே அம்மா. முகத்தைப் பார்த்தே சொன்னார். பெண்களுக்கும் அவரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. வேறு லைனில் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்தானே. சிலரை எடுத்துக்கொண்டார். அக்காவை எந்த லைனிலும் எடுக்கவில்லை. அவள் வந்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள் என்றார்கள் சூப்பர்வைசர்கள்.

அக்கா திருப்பதியில் வேலை தேடினாள். ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலை கிடைத்தது. வாடகைக்கும் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கும் அது போதவில்லை. என் வீட்டில் வந்து இருக்கச் சொன்னேன். வந்தாள். என் அம்மா ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார், அப்புறம் “புருசன் உசுரோட கீறான், இவ இங்க உக்காந்துகினா ஊரு இன்னா பேசும்?” என்று ஆரம்பித்துவிட்டார். நான் அம்மாவோடு சண்டை போட்டேன். சண்டை போட்டதை அக்கா கேட்டுவிட்டாள். அடுத்த நாளே மாமாவுக்குப் போன் செய்தாள்.

திருப்பதியிலிருந்து பாகாலாவுக்கு ரயிலில் நானும் கூடப் போனேன். பெண் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. எட்டாவது முடிக்கப்போகிற பெண். சந்திரகிரி தாண்டிய பிறகு அக்கா கேட்டாள்.

“நா எழுந்திருக்காம இருந்திருந்தா லைன் இருந்திருக்குமா?”

“இருக்காது. அவங்க முன்னாலயே முடிவு பண்ணிட்டாங்க.”

“நீ எனக்காகச் சொல்ற.”

“இல்லக்கா. அந்த ஆளு ‘லேவொத்து’ன்னு கத்தாம இருந்தா மத்தவளுங்க எழுந்தே இருக்கமாட்டாளுங்க. உன்னால இல்ல.”

“அது எங்காதுல விழவே இல்ல. அவரு கத்தறதுக்கு முன்னாலயே நா எழுந்துட்டேன்.” பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “பெரிய பொம்பள. அம்மாந் தூரத்துல இருந்து வந்துக்கீது. எப்பிடிம்மா உக்காந்துக்கினே இருக்கறது?” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அதனால் கத்தினேன். “உக்காந்துக்கினே இருக்கணும்! உக்காந்துக்கினே இருக்கணும்கா! அவ யாரு உனக்கு?” எதிர் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் வாயைக் கையால் மூடினாள். விரலெல்லாம் பினாயில் வாசனை.

பாகாலாவில் மாமா ஸ்கூட்டரோடு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்து, “சாப்புட்டியாம்மா?” என்று கேட்டார். பையை வாங்கி முன்னால் வைத்தார். பெண்ணின் தலையைத் தடவினார். பார்க்கிறவர்கள் நல்ல குடும்பம் என்றுதான் சொல்வார்கள். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பெண்ணை நடுவில் உட்காரவைத்தாள்.

“போன் பண்ணுக்கா” என்றேன்.

“போன் அவருகிட்ட இருக்கும்” என்றாள், சாதாரணமாக.

பல வாரம் கழித்து ஒருமுறை அக்கா பக்கத்து வீட்டுக்காரி போனிலிருந்து பேசினாள். ஜன்னல் வழியாக வாங்கிப் பேசுகிறாள் என்று தெரிந்தது. நன்றாக இருக்கிறேன், பெண் பள்ளிக்கூடம் போகிறது என்றாள். வந்து பார்க்கிறேன் என்றேன்.

“ஞாயித்துக்கெழம வராத. அவரு வூட்ல இருப்பாரு, உன்ன ஏதாச்சும் சொல்லுவாரு. வேற நாள்ல வா. கதவு பூட்டியிருக்கும், ஜன்னலாண்ட நின்னு பேசலாம்.”

சரி என்றேன். எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை.